‘எல்லாம் கவர் ஆகும்’ என்று விற்கப்படும் குரூஸ் பாதுகாப்புத் திட்டம்: பணம் கட்டுமுன் படியுங்கள்

குரூஸ் (சுற்றுலாக் கப்பல்) டிக்கெட் போடும்போது கடைசிக் கட்டத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். கப்பல் கம்பெனியின் பயணப் பாதுகாப்புத் திட்டத்தையும் சேர்க்கட்டுமா என்று கேட்கும். ஏஜென்ட் மூலம் போட்டால் அவரே கேட்பார். டிக்கெட் விலையோடு வைத்துப் பார்த்தால் பெரிய தொகையாகத் தெரியாது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தலையாட்டிவிடுவோம். அப்படித் தலையாட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கப்பலில் போகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு சரக்கு.

நாங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். அக்கா குடும்பமும் வருவதாக இருந்தது. அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, பல வருடங்களாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். ஏஜென்ட்டிடம் இதை நானே எடுத்துச் சொல்லி, நடுக்கடலில் உடம்பு முடியாமல் போனால் என்ன வழி என்று கேட்டேன். “அதுக்குத்தானே மேடம் இந்தத் திட்டமே? ஆஸ்பத்திரி, ஃபிளைட், கேன்சல், எல்லாம் கவர் ஆகும். நிம்மதியா போயிட்டு வாங்க” என்றார். விதிமுறைகள் உள்ள முழு ஆவணத்தை அனுப்பச் சொன்னேன். வயதான தம்பதி ஒன்று தளத்தில் நின்று கடலைப் பார்த்துச் சிரிக்கும் படத்தோடு ஒரு பக்க விளம்பரத் தாள் வந்தது. மறுபடி கேட்டேன். “மெயில்ல வரும் மேடம்.” வந்தது, முழுப் பணமும் கட்டிய பிறகு, டிக்கெட்டுகளோடு சேர்த்து.

முதல் அடி கப்பல் கிளம்புவதற்கு முன்பே விழுந்தது. அத்தானுக்குக் கொடுத்திருந்த லீவை அலுவலகத்தில் ரத்து செய்துவிட்டார்கள். அக்கா குடும்பம் டிக்கெட்டைக் கேன்சல் செய்தது. திட்டம்தான் இருக்கிறதே, பணம் வந்துவிடும் என்று இருந்தார்கள். வந்தது பணம் இல்லை. அடுத்த குரூஸில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு கிரெடிட். அதுவும் முழுத் தொகைக்கு இல்லை, ஒரு வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும், வேறு பெயருக்கு மாற்ற முடியாது. திட்டத்தின் விதிகளில் நோய், மரணம் போன்ற சில காரணங்களுக்குத்தான் ரொக்கம். மற்ற எதற்கும் கிரெடிட்தான். ‘எந்தக் காரணத்துக்காகவும் கேன்சல் செய்யலாம்’ என்று விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கேன்சல் செய்யலாம், வாஸ்தவம்தான். திரும்பி வருவது என்ன என்பதை அதில் போடவில்லை.

அடுத்ததுதான் பெரியது. பயணத்தின் நடுவில் ஓர் இரவு அம்மாவுக்கு மூச்சுத் திணறல். படுத்தால் அதிகமாகிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறது. கீழ்த் தளத்தில் இருக்கும் மருத்துவ அறைக்குச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். அங்கே வசதிக்குக் குறை சொல்ல மாட்டேன்: எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., ஆக்சிஜன் எல்லாம் இருந்தன, கூப்பிட்டதும் மருத்துவர் எழுந்து வந்தார். ஆனால் நர்ஸ் முதலில் கேட்டது கேபின் அட்டையை. அறைக் கதவைத் திறப்பதற்கும், காபிக்கும், போட்டோவுக்கும் தேய்க்கிற அதே அட்டை. இரவு நேரக் கட்டணம், ஆக்சிஜனுக்கு மணிக் கணக்கு, ஊசி ஒவ்வொன்றுக்கும் தனி என்று வரிவரியாக அதில் ஏறியது. பெரும்பாலான கப்பல்களில் இதுதான் நடைமுறை. ஊரில் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டையை நீட்டினால் சீண்ட மாட்டார்கள். கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கரையை விட்டு விலகினாலே வெளிநாடு என்று கணக்கு வைக்கும் உள்நாட்டு பாலிசிகள் நிறைய உண்டு. சுற்றுலாக் கப்பல்களில் பாதிக்கு மேல் பஹாமாஸ், பனாமா, மால்டா என்று எங்கோ ஒரு நாட்டுக் கொடியில் ஓடுகிறவைதானே.

நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இதயத்தைப் பார்க்க வேண்டும், கப்பலில் வைத்துக்கொள்ள முடியாது என்றார் மருத்துவர். காலையில் வரும் துறைமுகத்தில் இறங்கிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. இந்த முடிவில் பயணிக்குப் பேச்சே கிடையாது. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள், பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்தார்கள், அட்டைக் கணக்கைத் தீர்க்கச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பும்போது என் கணவர் இன்னும் வரவேற்பு மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

துறைமுக ஆஸ்பத்திரியில் டெபாசிட் கட்டினால்தான் அட்மிஷன், இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து பணத்துக்குப் பொறுப்பேற்கும் கடிதம் வேண்டும் என்றார்கள். பயணக் காப்பீடு வாங்குவதே இந்த ஒரு கடிதத்துக்காகத்தான். திட்டத்தின் இருபத்துநாலு மணி நேர உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பாட்டு ஓடியது. பிறகு ஒருவர் வந்து, நீங்கள் கட்டிவிட்டு ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள், ஊர் திரும்பியதும் கிளெய்ம் போடலாம் என்றார். என்னிடம் அவ்வளவு பணம் இல்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் இருந்த பதில், “புரிகிறது மேடம்.”

ஊர் திரும்பி கிளெய்ம் போட்டோம். நிராகரிப்புக் கடிதம் வந்தது. காரணம்: முன்பே இருந்த நோய். அம்மாவுக்கு பி.பி. இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னால் வழக்கமான பரிசோதனையில் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டியிருந்தார். அது போதுமாம், நோய் ‘நிலையாக’ இல்லை என்று ஆகிவிட்டதாம். இப்படிப்பட்ட பாலிசிகளில் வாங்கிய நாளுக்கு முன்னால் 60 முதல் 180 நாள் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். அந்த இடைவெளியில் புது மருந்து, அளவு மாற்றம், எழுதிக்கொடுத்த ஒரு டெஸ்ட், எது இருந்தாலும் அந்த நோயும் அதன் தொடர்ச்சியும் வெளியே போய்விடும். எங்கள் திட்டத்தில் அந்தக் கணக்கு வாங்கிய நாளிலிருந்துகூட இல்லை, புறப்படும் நாளிலிருந்து பின்னால் போனது. அதாவது பணம் கட்டிய பிறகு மாத்திரை மாறினாலும் நமக்குத்தான் நஷ்டம்.

இதற்கு ஒரு மாற்று உண்டு, ஏஜென்ட் வாயே திறக்காத மாற்று. வெளியில் தனியாக விற்கும் பயணக் காப்பீடுகளில் சில, முதல் டெபாசிட் கட்டிய 14 முதல் 21 நாட்களுக்குள் வாங்கினால் முன்பே இருந்த நோய் என்ற விலக்கைத் தள்ளுபடி செய்துவிடும். வாங்கும் அன்று பயணம் செய்யும் உடல்நிலையில் இருக்க வேண்டும், பயணத்தின் முழு விலைக்கும் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான வரி எந்த பாலிசியிலும் கிடையாது. கப்பல் கம்பெனியின் திட்டத்தில் எங்களுக்கு அந்த வரியே இல்லை.

விமான டிக்கெட்டும் போயிற்று. அதை நாங்கள் தனியாக வாங்கியிருந்தோம். திட்டமோ கப்பல் கம்பெனி மூலம் வாங்கியதை மட்டும்தான் பார்க்கும். இதுவும் இந்தத் திட்டங்களில் சகஜம்.

புகார் கொடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் நான் விற்றவன் மட்டும்தான் என்றார் (விற்றதற்குக் கமிஷன் உண்டு, அது தனி). கப்பல் கம்பெனி, காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள் என்றது. காப்பீட்டு நிறுவனம், கேன்சல் பகுதி எங்களுடையது இல்லை, கப்பல் கம்பெனியைக் கேளுங்கள் என்றது. கடைசியில் காப்பீட்டுக் குறைதீர்ப்பில் எழுதிப் போட்டபோதுதான் விஷயம் விளங்கியது. ஒரே பெயரில் விற்ற திட்டத்துக்குள் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள். கேன்சல் பகுதி கப்பல் கம்பெனி தானே கொடுக்கும் சலுகை. அது இன்ஷூரன்ஸே இல்லை என்பதால் அக்காவின் புகாரை எடுத்துக்கொள்ளவே அவர்களுக்கு அதிகாரம் இல்லை. மருத்துவப் பகுதி மட்டும்தான் பாலிசி. அதன் உச்சவரம்போ, நாங்கள் ஆஸ்பத்திரியில் கட்டியதில் பாதிக்குக்கூட வராது. கிளெய்மை அப்படியே ஒத்துக்கொண்டிருந்தாலும் மீதி எங்கள் தலையில்தான். யோசித்தால் இன்னொன்றும் பயமாக இருக்கிறது: கப்பல் கம்பெனியே திவாலானால், அது தானே கொடுத்த சலுகையும் கிரெடிட்டும் அதோடு சேர்ந்து முழுகிவிடும்.

சரி, அப்படியானால் இன்ஷூரன்ஸ் வாங்குவதா வேண்டாமா? கேட்கிற எல்லோரும் டிக்கெட் பணத்தை நினைத்துத்தான் கேட்கிறார்கள். டிக்கெட் பணம் போனால் வருத்தம், ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. கட்டியதற்கு மேல் போகாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் அந்த எல்லை இல்லை. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போவதைத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். நடுக்கடலில் அது எட்டாத தூரமாகவே இருக்கும், பெரும்பாலும் எங்களைப்போல அடுத்த துறைமுகத்தில்தான் இறக்கிவிடுவார்கள். உண்மையான செலவு அங்கிருந்து ஆரம்பிக்கிறது. நோயாளி விமானத்தில் ஏறத் தகுதியானவர் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். படுத்தபடி போக வேண்டுமானால் பல இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் போடுவார்கள், அத்தனைக்கும் டிக்கெட், கூட ஒரு நர்ஸ். அதுவும் முடியாதென்றால் தனி ஏர் ஆம்புலன்ஸ். குரூஸ் டிக்கெட்டின் விலை அதன் பக்கத்தில்கூட நிற்காது.

அதனால் என் கணக்கு இப்படி. குறைந்த விலையில் சின்னப் பயணம், போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகை என்றால் கேன்சல் காப்பீட்டை விட்டுவிடலாம். மருத்துவமும், நோயாளியை வேறிடம் கொண்டுபோகும் செலவும் மட்டும் உள்ள பாலிசி தனியாகவே கிடைக்கும், விலையும் குறைவு. வயதானவர்கள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால் கேன்சல் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். (கர்ப்பம் 24 வாரத்தை எட்டினால் பல கப்பல்கள் ஏற்றிக்கொள்வதே இல்லை, தனி விஷயம்.) கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீட்டை நம்பி இருப்பவர்கள் அதில் மருத்துவத் தொகை எவ்வளவு என்று ஒருமுறை தேடிப் பாருங்கள், பலவற்றில் பயண ரத்துக்குத் தாராளமாக இருக்கும், மருத்துவத்துக்கு ஒன்றுமே இருக்காது.

அத்தான் கதைபோல ‘எந்தக் காரணமானாலும்’ பணம் வேண்டும் என்றால் வெளியில் அதற்கென்றே கூடுதல் பிரீமியத்தில் ஒரு வகை உண்டு. கட்டியதில் 50 முதல் 75 சதவீதம் ரொக்கமாகத் தரும், பெரும்பாலும் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்னதாகவாவது கேன்சல் செய்திருக்க வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் கையில் வருவது பணம்.

ஊரறிந்த ஆபத்துக்கு எந்த பாலிசியும் உதவாது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்குப் பணம் கிடையாது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது குரூஸ் கம்பெனிகள் வழியை மாற்றின, சில பயணங்களை ரத்தே செய்தன. போக வேண்டிய துறைமுகத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கொண்டுபோக டிக்கெட் ஒப்பந்தமே கேப்டனுக்கு உரிமை கொடுக்கிறது, போர் என்றால் பாலிசிகளும் விலகிக்கொள்ளும். 2020 பிப்ரவரியில் கோவிட் பரவியதால் ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். கேபினிலேயே அடைந்து கிடக்க நேர்ந்தால் நாளுக்கு இவ்வளவு என்று தரும் பாலிசிகள் உண்டு. தொற்றுநோய் விலக்கு இருக்கிறதா என்பதையும் அதோடு பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்பும் அன்றே விமானத்தில் போய் இறங்குவதை மட்டும் எந்த பாலிசியை நம்பியும் செய்யாதீர்கள். கப்பல் காத்திருக்காது. முந்தின நாளே போய்விடுவது எல்லா பாலிசியையும்விட மலிவு.

உடம்பு முடியாமல் நடுவழியில் இறங்க நேர்ந்தால், வாசலைத் தாண்டுமுன் மருத்துவ அறையில் மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: முழு மருத்துவக் குறிப்பு, வரிவரியான பில், இறங்கச் சொன்னதற்கு மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம். உதவி எண்ணில் பேசியவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். ஏர் ஆம்புலன்ஸை அவர்கள் அனுமதி இல்லாமல் நீங்களாக ஏற்பாடு செய்தால் பணம் வராது என்பது அநேகமாக எல்லா பாலிசியிலும் இருக்கும். எங்களுக்கு மருத்துவக் குறிப்பு வந்து சேரவே பல மெயில்கள் ஆயின. அது வந்ததும் அம்மாவின் டாக்டர், மாத்திரை அளவைக் கூட்டியது வழக்கமான சரிசெய்தல்தான், அப்போது மூச்சுத் திணறலோ வேறு அறிகுறியோ இல்லை என்று கடிதம் எழுதித் தந்தார். இரண்டையும் சேர்த்து மேல்முறையீடு செய்ததில் கப்பல் மருத்துவ அறையின் பில்லை மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பணம் இன்னும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது.