பைதானும் எஸ்கியூலைட்டும் கொண்டு எழுதிய வங்கி புரோகிராம்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

கோடிங் பழகுகிற எல்லோரிடமும் யாராவது ஒருவர் கொடுத்துவிடும் பயிற்சி இது. கணக்கு திற, பணம் போடு, எடு, இன்னொரு கணக்குக்கு மாற்று. நான் இதைப் பைதான் மொழியில் எழுதி, தகவலை எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் வைத்தேன். பயிற்சி முடிந்தது என்று மூடி வைக்காமல் இன்றுவரை அதையே வளர்த்துக்கொண்டு வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த ஜோடியைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் எஸ்கியூலைட் வந்த நிலையிலேயே பணக்கணக்கை நம்பி ஒப்படைக்க முடியாது, சில விஷயங்களை முதல் நாளே இறுக்கியாக வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாக சர்வர் எதுவும் வேண்டாம், நிறுவ வேண்டியதும் கிட்டத்தட்ட இல்லை, மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பு. 2000இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது, பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாமல் பொதுவில் இருக்கிறது, பைதானோடு 2.5 பதிப்பிலிருந்தே சேர்ந்து வருகிறது. குழம்பிப்போனால் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கற்கும் காலத்தில் இந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்பது சர்வர் நிறுவப் போராடியவர்களுக்குத் தெரியும்.

இப்போது இறுக்க வேண்டியவை. ஃபாரின் கீ விதியை (ஒரு டேபிள் சுட்டும் கணக்கு இன்னொரு டேபிளில் உண்மையிலேயே இருக்க வேண்டும் என்பது) டேபிளில் எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும், போதாது. எஸ்கியூலைட் அதை இயல்பாக அமல்படுத்துவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை கொடுத்து அதை ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் இல்லாத கணக்குக்குக்கூட வரவு எழுதிக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும். அப்புறம், இன்டிஜர் (முழு எண்) என்று அறிவித்த இடத்தில் 'ஐநூறு' என்று எழுத்தாகக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து வகை பொருந்தாததை வாங்காதபடி ஸ்ட்ரிக்ட் என்று டேபிளை அறிவிக்க முடிகிறது, பணம் இருக்கும் எந்த டேபிளுக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

தொகையை ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வைக்கவே கூடாது. பைதானில் 0.1 உடன் 0.2 கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் புள்ளி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. வட்டி போடும்போது ரவுண்டு ஃபங்ஷனையும் கவனியுங்கள். 2.5ஐ 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும், சரிபாதியில் நிற்பதை இரட்டை எண் பக்கம் தள்ளுவது அதன் வழக்கம். நமக்கு வேறு விதி வேண்டுமென்றால் தசமக் கணக்குக்கான டெசிமல் மாட்யூலில் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்தப் பயிற்சியின் உயிர் பணப் பரிமாற்றத்தில் இருக்கிறது. ஒரு கணக்கில் கழி, இன்னொன்றில் கூட்டு, இரண்டே வரிதான். அந்த இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போனால்? இதை வாயால் விளக்குவதைவிட நீங்களே செய்து பார்ப்பது மேல். கழிக்கும் வரிக்கும் கூட்டும் வரிக்கும் இடையில் புரோகிராமைச் சில விநாடிகள் தூங்க வையுங்கள். அந்த நேரத்தில் ஃபோல்டரைத் திறந்தால் டேட்டாபேஸ் கோப்புக்குப் பக்கத்தில் ஜர்னல் என்ற வாலோடு, பழைய நிலையைக் குறித்து வைக்கும் இன்னொரு கோப்பு முளைத்திருக்கும். அப்படியே புரோசஸைக் கொன்றுவிட்டு மறுபடி திறந்து இருப்பைப் பாருங்கள், பணம் எடுத்த கணக்கிலேயே பத்திரமாக இருக்கும். இரண்டு வரியும் 'முழுதாக நடக்க வேண்டும், இல்லையென்றால் எதுவுமே நடக்கக் கூடாது' என்கிற ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்ததால்தான் இது நடந்தது. இதே சோதனையை ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கமிட் செய்து (மாற்றத்தை நிலையாகப் பதித்து) நடத்திப் பார்த்தால் பணம் ஒரு பக்கம் குறைந்திருக்கும், மறுபக்கம் ஏறியிருக்காது.

கமிட் விஷயத்தில் பைதான் நடந்துகொள்ளும் விதம் புதியவர்களைத் திணறடிக்கும். இன்செர்ட் (வரி சேர்), அப்டேட் (வரியை மாற்று) கட்டளைகளுக்கு முன் டிரான்சாக்‌ஷனை அதுவே திறந்துவிடும், கமிட் செய்து அதை முடிப்பது நம் பொறுப்பு. மறந்தால், 'பணம் போடப்பட்டது' என்று திரையில் வரும், மறுமுறை ஓட்டினால் காணாமல் போயிருக்கும். பைதானின் வித் பிளாக்குக்குள் எழுதினால் முடிவில் கமிட், பிழை வந்தால் ரோல்பேக் (எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவது) என்று தானாக நடக்கும். இணைப்பை மட்டும் அது மூடாது, அதை நாம்தான் மூட வேண்டும்.

இரண்டு டெர்மினலில் ஒரே நேரத்தில் ஓட்டும்போது அடுத்த பாடம் வருகிறது. இருப்பைப் படித்து, பைதானில் கழித்து, விடையைத் திருப்பி எழுதும் முறையில் இரண்டு பேரும் பழைய இருப்பையே படித்துவிடலாம், ஒருவர் எடுத்தது கணக்கில் ஏறாமலே போகும். கழிப்பதை அப்டேட் கட்டளைக்குள்ளேயே செய்து, 'இருப்பு போதுமானால் மட்டும்' என்ற நிபந்தனையையும் அதே கட்டளையில் வைத்து, டேபிளில் எத்தனை வரி மாறியது என்று பார்ப்பது பாதுகாப்பான வழி. பூஜ்ஜியம் என்றால் பணம் போதவில்லை அல்லது அப்படி ஒரு கணக்கே இல்லை. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், மற்றவர் காத்திருக்க வேண்டும்; பைதானில் இயல்பாக 5 விநாடி, அதற்கு மேல் போனால் டேட்டாபேஸ் பூட்டப்பட்டிருக்கிறது என்று பிழை வரும். கற்பதற்கு இது ஒரு குறையே இல்லை.

பயனர் தட்டும் பெயரையோ எண்ணையோ எஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் மொழி) வாக்கியத்தில் ஒட்டுப்போடாமல், அந்த இடத்தில் கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாக அனுப்புங்கள், இதில் சமரசமே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் பேரேடு. இருப்பு என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் அது எப்படி வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் நடவடிக்கைகளுக்குத் தனி டேபிள்: ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் இரண்டு வரிகள், ஒன்று மைனஸ், ஒன்று பிளஸ். கையில் பணம் கொண்டுவந்து போட்டால் எதிர்ப்பக்கம் 'ரொக்கம்' என்ற கணக்கு நிற்கும். 1494இல் இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையின் எளிய வடிவம்தான் இது. மொத்த டேபிளையும் கூட்டினால் எப்போதும் பூஜ்ஜியம் வர வேண்டும். புதிதாக எதைச் சேர்த்தாலும் நான் முதலில் ஓட்டுவது இந்த ஒரு வரிக் கேள்வியைத்தான். இருப்பையும் தனியாக வைத்திருக்கிறேன், ஆனால் அது அதே டிரான்சாக்‌ஷனில் மாறும். ரொக்கக் கணக்கைத் தவிர வேறு எதுவும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது என்று டேட்டாபேஸே சரிபார்க்கும் செக் விதியும் உண்டு. எழுதிய வரியைத் திருத்துவதோ அழிப்பதோ கிடையாது, தவறான பதிவு என்றால் எதிர்ப்பதிவு போட வேண்டும்.

சலிப்பு தரும் பக்கமும் உண்டு. தேதிக்கென்று தனி வகை இல்லை, எழுத்தாகத்தான் வைக்கிறேன், ஆண்டு முதலில் வரும்படி. நான் பயன்படுத்திய பதிப்புகளில், ஏற்கெனவே உள்ள டேபிளில் செக் விதி சேர்க்கப் புதிய டேபிள் உருவாக்கி, தகவலை மாற்றி, பெயரை மாற்ற வேண்டியிருந்தது.

பல பேர் ஒரே நேரத்தில் எழுதும் நிலை வந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர் டேட்டாபேஸுக்கு மாறிவிடுங்கள். நான் ஒரு பிரதியை அதில் ஓட்டிப் பார்க்கிறேன். கேள்விக்குறிகள் இருந்த இடத்தில் வேறு குறி வந்தது, சில டேபிள் வரையறைகள் மாறின, பேரேடும் பூஜ்ஜியக் கூட்டலும் அப்படியே ஓடுகின்றன.