கார் ஷெட்டில் ஆர்சி பிளேன்: கூரையில் தொங்கவிடுவதா, சுவரில் தாங்கி அடிப்பதா?

ரிமோட்டில் பறக்கவிடும் ஆர்சி பிளேன் ஒன்றிரண்டு இருக்கும்வரை பீரோ மேல், கட்டிலுக்கு அடியில் என்று எங்காவது இடம் கிடைத்துவிடும். அதற்கு மேல் சேர்ந்தால் வீட்டில் இருப்பவர்கள் கார் ஷெட்டைக் கைகாட்டுவார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஷெட்டில் வைப்பதற்கு மூன்று வழிகளை யோசித்தேன்: வாங்கிய பெட்டியிலேயே போட்டு அடுக்குவது, கூரைக் கம்பியில் கயிறும் கப்பியும் போட்டுத் தொங்கவிடுவது, சுவரில் பிவிசி குழாயால் தாங்கி அடிப்பது. கடைசியில் சுவர்த் தாங்கிக்குத்தான் போனேன். மதுரை வெயிலுக்கு அதுதான் சரி என்று அடித்துச் சொல்வேன்.

பெட்டி பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தூசி படாது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், வீடு மாற்றும்போது வசதி. ஆனால் ஷெட்டில் வைத்த தெர்மோகோல் பெட்டி எலிக்கு அரண்மனை, உள்ளே குட்டி போட்டுவிட்டு சர்வோ (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்) ஒயரையும் கடித்து வைக்கும். எலிக்கும் பூச்சிக்கும் பயந்து உள்ளே அந்துருண்டை போடுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம், அதன் ஆவி தெர்மோகோலையே அரிக்கும். ஒவ்வொரு முறையும் இறக்கையைக் கழற்றி மாட்டுவதில் சர்வோ கனெக்டரும் தேய்ந்து லூசாகும். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் பறக்கவிடுகிறவர் என்றால், பெட்டியை வீட்டுக்குள்ளே வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

உண்மையான போட்டி கூரைக்கும் சுவருக்கும்தான். கூரையின் பக்கம் சொல்ல நிறைய நல்லது இருக்கிறது. தரை இடமே பிடிக்காது, காருக்கு மேலே சும்மா கிடக்கும் இடம்தானே. குழந்தைகள் கைக்கு எட்டாது. கப்பி போட்டால் ஏற்றி இறக்குவது சுலபம். சக்கரத்தில் பாரம் நிற்காததால் ஸ்பாஞ்ச் டயர் ஒரு பக்கம் தட்டையாகிப் போகாது. செலவும் கயிறு, கொக்கி, கப்பி அவ்வளவுதான். வெயில் என்ற ஒன்று இல்லாவிட்டால் நானே கூரைக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன்.

நம் ஊர் கார் ஷெட் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ கலர் தகர ஷீட்டோ போட்டதுதான். மே மாதம் கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஷீட்டின் அடிப்பக்கத்தில் கை வைக்க முடியாது. சூடான காற்று மேலே ஏறிக் கூரையடியிலேயே தேங்கும், அதோடு ஷீட்டே அடுப்புக்கல் மாதிரி கீழ்நோக்கிக் கனல் அடிக்கும். ஒரு மத்தியானம் சாதாரண அறைத் தெர்மாமீட்டரை ஷீட்டுக்கு ஓரடி கீழே கட்டிப் பார்த்தேன், 50-ஐ நெருங்கியது. அதையே இடுப்பு உயரத்துக்கு இறக்கியதும் 40-க்கு வந்துவிட்டது. ஒரே ஷெட், ஒரே நேரம், நாலைந்து அடி உயரத்தில்தான் இத்தனை வித்தியாசம். என் முடிவு அன்றைக்கே எடுத்தாகிவிட்டது.

இந்தச் சூடு பிளேனை என்ன செய்யும் என்றால், இப்போது வருகிற பிளேன்களில் பெரும்பாலானவை இபிஓ என்கிற, தெர்மோகோல் மாதிரியான ஆனால் எளிதில் உடையாத நுரையில் செய்தவை. வளைந்த இபிஓ இறக்கையை நிமிர்த்த நாம் என்ன செய்கிறோம்? ஹேர் டிரையரில் சூடு காட்டியோ சுடுதண்ணீர் ஊற்றியோ மெதுவாக அழுத்திப் பிடிக்கிறோம். சூட்டில் இளகும், பாரம் கொடுத்த பக்கம் வளையும், ஆறியதும் அப்படியே நிற்கும். கூரையில் தொங்கும் இறக்கைக்கும் கோடைக்காலம் முழுக்க அதேதான் நடக்கிறது, அவ்வளவு சூடு இல்லை, ஆனால் தினமும் மணிக்கணக்கில். கயிறு பிடித்திருக்கும் இரண்டு இடங்களில் பிளேனின் மொத்த பாரமும் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு இறக்கை முறுக்கிக்கொண்டாலே போதும், வேகம் குறைத்து இறக்கும்போது ஒரு பக்கம் முதலில் சரியும். வில்லாபுரத்தில் ஒரு நண்பர் ஷீட் கூரையில்தான் தொங்கவிட்டிருந்தார். கோடை முடிந்து கண்மாய்க்குக் கொண்டுவந்து பறக்கவிட்டபோது, “மாப்ள, டிரிம்மு எவ்வளவு கொடுத்தாலும் வலது பக்கமே இழுக்குதுடா” என்றார். (டிரிம் என்பது பிளேன் நேராகப் பறக்க ரிமோட்டில் செய்யும் சின்னத் திருத்தம்.) இறக்கையைத் தட்டையான மேசையில் வைத்துப் பார்த்தால் பின் விளிம்பு ஒரு பக்கம் தூக்கி நின்றது.

நுரை மட்டுமில்லை. ஹாட் குளூ போட்டு ஒட்டிய இடங்கள் இளகும். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரையும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியையும் பிடித்திருக்கும் டபுள் டேப் மெல்ல நழுவும், உள்ளே ரிசீவர் கழன்று கிடப்பது வானத்தில் ஏறிய பிறகுதான் தெரியவரும். பால்சா மரத்தில் செய்து மேலே பிலிம் ஒட்டியதாக இருந்தால் பிலிம் சுருங்கியும் தளர்ந்தும் சுருக்கம் விழும். சின்ன இஸ்திரிப் பெட்டியால் மறுபடி இழுத்துவிடலாம், ஆனால் எத்தனை முறை?

சரி, சுவர்த் தாங்கி. முக்கால் இன்ச் பிவிசி குழாய், டீ, எல்போ, சொல்யூஷன், எல்லாம் பிளம்பிங் சாமான் விற்கும் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். சுவரிலிருந்து நீளும் கைகள் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், நுனியில் ஒரு எல்போ வைத்து நிமிர்த்திவிட்டால் பிளேன் வழுக்கி விழாது. ஏசி காப்பர் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பாஞ்ச் குழாயை அதன் மேல் மாட்டுங்கள். வெள்ளை நுரையில் அது கறை விடும் என்பதால் அதற்கு மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருக்கிறேன். தாங்கி இறக்கையின் நுனியில் படக் கூடாது, உடம்பை ஒட்டி ஸ்பார் (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் தாங்குதண்டு) போகும் இடத்தில் பட வேண்டும். தனியாகக் கழற்றிய இறக்கை என்றால் முன் விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். பின் விளிம்பு மெல்லியது, பிளேனைச் சாய்த்துத் திருப்பும் அய்லரான் மடிப்பும் அங்கேதான் இருக்கிறது, அது பாரம் தாங்காது.

எந்தச் சுவர் என்பதும் முக்கியம். மேற்குச் சுவர் மத்தியானத்துக்கு மேல் வெயில் வாங்கி ராத்திரி வரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும், அதைத் தொடவே வேண்டாம். வீட்டோடு ஒட்டிய சுவர் இருந்தால் அது முதல் தேர்வு, இல்லையென்றால் வடக்குச் சுவர். உயரம் மூன்றடியிலிருந்து ஐந்தடிக்குள். அதற்குக் கீழே போனால் ஐப்பசி கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும், எலிக்கும் எட்டும். மூடுவதற்குப் பருத்தித் துணி போதும். பிளாஸ்டிக் தாளைப் போட்டால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், பால்சாவுக்கு அது ஆகாது.

சுவரிலும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கார் கதவைத் திறக்கும் பக்கம் வைத்தால் என்றாவது ஒருநாள் இடிபடும். இரண்டு மீட்டர் இறக்கை உள்ளதைச் சுவரில் அப்படியே வைக்க முடியாது, இறக்கையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். குளவி ஏதாவது ஓட்டையில் மண்கூடு கட்டும், மோட்டார் காற்றுத் துளையை அவ்வப்போது பார்க்க வேண்டும். இது கூரைக்கும் உள்ள தொல்லைதான். என்னிடம் இருப்பவை எல்லாம் பேட்டரியில் ஓடுபவை. மெத்தனால் எரிபொருளில் ஓடும் குளோ எஞ்சின் வைத்திருக்கும் நண்பர்கள் சொல்வது: டேங்கைக் காலி செய்துவிட வேண்டும், மெத்தனால் ஈரத்தை இழுத்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், எஞ்சினில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் வைக்க வேண்டும்.

கான்கிரீட் தளம் போட்ட ஷெட் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். தளம் சூட்டைப் பிடித்து வைத்து மெதுவாக விடும், ஷீட் அளவுக்குக் கொதிக்காது என்பதால் அங்கே கூரையில் தொங்கவிடுவது தாங்கும் என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி இல்லாததால் கையால் செய்து பார்த்துச் சொல்லவில்லை. ஷீட்டுக்கு மேல் தென்னங்கீற்று போடுவதும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதும் சூட்டை நன்றாகக் குறைக்கும், ஆனால் கீற்று எலியையும் அணிலையும் கூட்டிவரும், காய்ந்த கீற்றில் தீப்பொறி பயமும் உண்டு.

கூரையோ சுவரோ எதுவானாலும் பிளேனுக்குப் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி மட்டும் ஷெட்டில் இருக்கவே கூடாது. செல்லுக்கு 4.2 வோல்ட் என்று முழுசாக ஏற்றிய நிலையில் சூட்டில் கிடந்தால் சீக்கிரம் உப்பும். சார்ஜரில் ஸ்டோரேஜ் மோடு போட்டு ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, தீ தாங்கும் பையில் போட்டு, வீட்டுக்குள் வெயில் படாத தரையில், துணிமணிக்கும் கேஸ் அடுப்புக்கும் தள்ளி வையுங்கள். பிளேனிலிருந்து கழற்றாமல் தாங்கியில் ஏற்றிவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள்.