ஹியூமனைசருக்குக் கார்டு நம்பர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஹியூமனைசர் என்றால், ஏஐ எழுதியதை மனிதர் எழுதியது மாதிரி மாற்றித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கும் தளம். அதில் நான் பணத்தை விட்ட கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பில் பாதி என்னுடையது. அதனால் கமெண்டில் வந்து அட்வைஸ் பண்ண வேண்டாம், வீட்டில் போதுமான அளவு வாங்கிவிட்டேன்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை, கடைசி வருடம். வீடு கடலூர் முதுநகர், தினமும் பஸ். புராஜெக்ட் சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் பக்கம் கருவாடு போடும் பெண்களைப் பற்றி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்ததே, அதற்கப்புறம் அவர்கள் எப்படித் திரும்பத் தொழிலுக்கு வந்தார்கள், சுய உதவிக்குழுக் கடன் எவ்வளவு கைகொடுத்தது என்று. இங்கிலீஷில் ஐந்து அத்தியாயம். அதில் இரண்டாவது, இதற்கு முன்னால் மற்றவர்கள் செய்த ஆய்வுகளைத் தொகுக்கும் அத்தியாயத்தை மட்டும் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கினேன். மீதி நான்கும் நானே எழுதியது, நாலு மாதம் வெயிலில் கருவாட்டுக் களத்து ஓரமாக உட்கார்ந்து, வீட்டுக்கு வந்தால் அம்மா முதலில் குளித்துவிட்டு வா என்று விரட்டும் அளவுக்கு.

சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி, இந்த வருடம் ஏஐ செக் பண்ணுகிறார்களாம் என்று போட்டாள். உடனே ஒரு இலவச செக்கர் தளத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது அத்தியாயத்துக்கு 96 சதவீதம் ஏஐ என்றது. சரி, அது உண்மை. நாலாவது அத்தியாயம், நானே பேட்டி எடுத்து நானே எழுதியது, அதற்கும் 78 சதவீதம் என்று சிவப்பில் காட்டியது. அடிவயிறு கலங்கிவிட்டது. அந்தச் சிவப்புக்குக் கீழேயே பச்சைப் பொத்தான், 'இப்போதே மனித எழுத்தாக மாற்றுங்கள்' என்று. அமுக்கினால் வேறொரு தளம் திறந்தது. கீழே பொடி எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே கம்பெனி, ஆனால் அதை நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. பேய் இருக்கிறது என்று பயமுறுத்துகிறவனும் அவனே, தாயத்து விற்கிறவனும் அவனே.

இப்போது தேடிப் படித்ததில் தெரிந்தது. இந்த செக்கர்களில் பல, அடுத்து என்ன சொல் வரும் என்று எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதை வைத்துத்தான் மதிப்பு போடுகின்றன. நம்மைப் போல ஸ்கூலில் கிராமர் புத்தகம் வைத்து இங்கிலீஷ் படித்தவர்கள் தெரிந்த சொல்லையே தெரிந்த வரிசையில் போட்டு ஜாக்கிரதையாக எழுதுவோம், அதுவே மெஷின் எழுத்து மாதிரி தெரிந்துவிடுகிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டில், இங்கிலீஷ் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதும் டோஃபல் தேர்வின் கட்டுரைகள் 91ஐ எடுத்து ஏழு கருவிகளில் போட்டிருக்கிறார்கள். எல்லாம் மனிதர்கள் எழுதியவை, சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்று வந்திருக்கிறது. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐயே ஒரு செக்கர் விட்டார்கள், ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் அது உறுதியாகப் பிடித்தது, மனிதர்கள் எழுதியதில் 9 சதவீதத்தைத் தப்பாக ஏஐ என்றது. அரை வருடத்தில், 2023 ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று அவர்களே எடுத்துவிட்டார்கள். இது முன்னாடியே தெரிந்திருந்தால் அந்த 78ஐப் பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

பணம் போன கதைக்கு வருகிறேன். பெரிய எழுத்தில் மாதம் 9.99 டாலர். என்ன, எண்ணூறு தொள்ளாயிரம் ரூபாய், ஒரு மாதம் வைத்துக்கொண்டு கேன்சல் பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். என்னிடம் வெளிநாட்டுப் பேமெண்ட் போகிற கார்டு இல்லை. அண்ணன் சிப்காட்டில் ஷிப்டில் இருந்தான், போன் போட்டு ஓடிபி கேட்டேன். "சீக்கிரம் சொல்லுண்ணா, டைம் போகுது" என்றேன், அவனும் மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஆறு எண்ணை மட்டும் கத்திச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதே மெசேஜில் தொகை 119.88 டாலர் என்று இருந்திருக்கிறது. அவனும் படிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வருடத்துக்கும் சேர்த்து ஒரே அடியாக எடுத்துவிட்டார்கள், 'வருடாந்திரக் கட்டணம்' என்பது அந்த 9.99க்குக் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. பேங்கின் வெளிநாட்டுக் கட்டணமும் சேர்ந்து பத்தாயிரத்துச் சொச்சம்.

சரி, வேலையாவது நடந்ததா? ஐந்து அத்தியாயத்தையும் போட்டேன். நானே எழுதிய நாலையும் ஏன் போட்டாய் என்று கேட்காதீர்கள், பயம்தான். பச்சை டிக்கோடு 'நூறு சதவீதம் மனிதர் எழுதியது' என்று வந்தது. அதைச் சொன்னது அவர்களுடைய மீட்டரேதான். ராத்திரி இரண்டு மணி, படித்துப் பார்க்கத் தெம்பில்லை. வேர்டில் எங்கே பார்த்தாலும் சிவப்புக் கோடு. கடலூர் என்றால் வேர்டுக்குத் தெரியாது போல என்று எல்லாவற்றையும் இக்னோர் கொடுத்தேன். காலையில் மஞ்சக்குப்பத்தில் ரெக்ஸின் பைண்டிங், கோல்டு எழுத்து, மூன்று காப்பி.

நாலாவது நாள் கைடு மேடம் கூப்பிட்டார். பிடிஎஃப் திறந்திருந்தது. "கடலூரைப் பத்தித்தானேம்மா புராஜெக்ட்டு? கடலூர்னு தேடினா ஒண்ணுகூட வரலையே" என்றார். தேடிக் காட்டினார், பூஜ்யம். கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் இல்லை. அந்தத் தளம் நடுநடுவே இங்கிலீஷ் ஏ, ஓ எழுத்துகளை எடுத்துவிட்டு, அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் ரஷ்ய எழுத்துகளை வைத்திருக்கிறது. செக்கரின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காம். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மாதிரியான சாஃப்ட்வேர்கள் இப்படி எழுத்து மாற்றியிருந்தால் தனியாகக் கொடி போட்டுக் காட்டும், அதுவே நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். வேர்டு ராத்திரி முழுக்கக் கத்திச் சொல்லியிருக்கிறது, நான்தான் வாயை மூடினேன்.

அப்புறம் பக்கங்களைப் புரட்டினார். ஒரு சொல்லுக்குப் பதில் அதே அர்த்தமுள்ள வேறு சொல்லைப் போட்டிருக்கிறது அந்தத் தளம். சில்வர் பீச் 'ஆர்ஜென்ட் ஷோர்' ஆகியிருந்தது, ஆர்ஜென்ட் என்றாலும் வெள்ளிதான். மீன் இறங்குதளம், அதாவது ஃபிஷ் லேண்டிங் சென்டர், 'ஃபிஷ் அரைவல் ஃபோகஸ்'. தானே புயலை எங்கே காணோம் என்று தேடினால் 'சைக்ளோன் நோபிள்மேன்' என்று இருக்கிறது, ஏனென்றால் அந்த ஸ்பெல்லிங்கில் ஸ்காட்லாந்தின் பழைய காலத்துப் பிரபுக்களுக்கு ஒரு சொல் இருக்கிறதாம். மேடம் சிரிக்கவில்லை. இதற்கு ஆராய்ச்சி உலகத்தில் பெயரே உண்டு என்றார். 'டார்ச்சர்டு ஃபிரேசஸ்', அதாவது சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்கள். 2021இல் கியோம் கபனாக் என்கிற பிரெஞ்சுப் பேராசிரியரும் கூட இருந்தவர்களும் அச்சான ஆய்வுக் கட்டுரைகளிலேயே இப்படிப்பட்டதை வேட்டையாடிப் பட்டியல் போட்டார்களாம். ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸை 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' என்று எழுதியவர்கள்கூட அதில் உண்டு.

எனக்குத் தாங்க முடியாமல் போனது நாலாவது அத்தியாயம்தான். சோனாங்குப்பத்தில் ஒரு அக்கா, புயல் ராத்திரியைப் பற்றிச் சொல்லும்போது, "வலையும் போச்சு, வூடும் போச்சு, நாங்க அஞ்சு பேரு நின்னோம்" என்றார். அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே இங்கிலீஷில் போட்டிருந்தேன், 'நெட்' என்று. அந்தத் தளம் அதை 'இன்டர்நெட்' ஆக்கிவிட்டது. மேற்கோள் குறிக்குள்ளேயே. "2011லயே அவங்க வீட்டுல இன்டர்நெட் கனெக்‌ஷன் இருந்துச்சாம்மா?" என்று மேடம் கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த அக்கா எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள், அதுவே பெரிய விஷயம். என் பழைய கூகுள் டாக்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரி இருந்ததால்தான் நாலு அத்தியாயம் என்னுடையது என்று காட்ட முடிந்தது, எந்தத் தேதியில் எந்த வரி அடித்தேன் என்பது வரைக்கும் அதில் இருந்தது. பேட்டி எழுதிய நோட்டையும் கொண்டு போய் வைத்தேன், கருவாட்டு வாசனையோடு. நீங்களும் டாக்ஸிலேயே அடியுங்கள், பழைய டிராஃப்டை அழிக்காதீர்கள். செக்கர் தப்பாகச் சொன்னால் அதை எடுத்து நீட்டலாம். இரண்டாவது அத்தியாயத்தை நூலகத்தில் உட்கார்ந்து திரும்ப எழுதினேன், ஒன்பது நாள் ஆனது, அவ்வளவுதான்.

பணம் திரும்பவில்லை. ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்கு மேல் பயன்படுத்தியிருந்தால் ரீஃபண்ட் கிடையாது என்று ஒரு சாட்பாட் பதில் போட்டது, மூன்று தடவை கேட்டாலும் அதே பதில். பேங்கில் ஓடிபி நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்றார்கள். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதிந்திருக்கிறேன். இப்படிச் சந்தாவில் சிக்கவைப்பதை, 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் டார்க் பேட்டர்ன் விதிகள், அதாவது தளங்கள் வாடிக்கையாளரை ஏமாற்றும் தந்திரங்களுக்கு எதிரான விதிகள், தடை செய்கின்றன, பட்டியலில் இருக்கும் பதின்மூன்றில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் முகவரியே இல்லை, நோட்டீஸை யாருக்கு அனுப்புவது? அடுத்த வருடத் தொகையாவது போகாமல் இருக்க, பேங்க் ஆப்பில் இ-மேண்டேட் என்று இருக்கும் இடத்துக்குப் போய், தானாகப் பணம் எடுக்க அவர்களுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்து, கார்டில் இன்டர்நேஷனல் பரிவர்த்தனையையும் அணைத்து வைத்தோம். அந்தத் தளத்தில் கேன்சல் அமுக்கினால் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

அண்ணனுக்கு மாதம் ஆயிரம் என்று அடைக்கிறேன். திங்கள்கிழமைதோறும் அந்தத் தளத்திலிருந்து மெயில் வருகிறது, என் கணக்கில் இன்னும் ஒரு லட்சத்துச் சொச்சம் சொற்கள் பாக்கி இருக்கின்றனவாம், வீணாக்காதீர்கள் என்று.