‘.38 ஸ்பெஷல்’ என்று டேக் கட்டி விற்ற போர்க்கால ரிவால்வர்: டெக்சாஸ் நண்பர்கள் கவனத்துக்கு

டெக்சாஸில் மலிவாகப் பழைய ரிவால்வர் கிடைக்குமா என்று பான் ஷாப் (அடகுக்கடை) பான் ஷாப்பாக ஏறி இறங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஹூஸ்டனுக்கு வெளியே நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் எனக்கு நடந்தது இது. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

நம்மூர் அடகுக்கடை என்றால் நகைதான். இங்கே கிதார், டிரில் மெஷின், டிவி எல்லாவற்றையும் தாண்டிப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கி வரிசை இருக்கும். மீட்காமல் விட்டவை, தாத்தா இறந்தபின் பேரன் கொண்டுவந்து தள்ளியவை. அந்தப் பெட்டியில் குட்டை பேரல் (குழல்) வைத்த ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் இருந்தது. நல்ல கருநீலப் பளபளப்பு. டேக்கில் ‘எஸ் அண்ட் டபிள்யூ மாடல் 10, .38 ஸ்பெஷல், 329 டாலர்’. எந்த வகைத் தோட்டா போடவேண்டும் என்பதைச் சொல்வது அந்த ‘.38 ஸ்பெஷல்’. “ஸ்பெஷல்தானே?” என்று வாய்விட்டே கேட்டேன். “ஆமாம், நானே செக் பண்ணினேன்” என்றார் கவுன்டரில் இருந்தவர். பேரம் பேசி 290-க்கு முடிந்தது. துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பவேண்டிய 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் முறைப்படி நடந்தது. அதில் குறை இல்லை. ரசீதிலும் ‘.38 ஸ்பெஷல்’ என்றே அச்சாகியிருந்தது. இப்போது எனக்குக் கைகொடுப்பது அந்த ஒரு வரிதான்.

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் முதல் ஆறு தோட்டா. ஏழு கஜத்தில் பேப்பர் டார்கெட்டில் வட்டமாக விழவேண்டிய துளைகளில் இரண்டு சாவித்துவாரம் போல நீளவாக்கில் இருந்தன. அதாவது குண்டு புரண்டு பக்கவாட்டில் போய் அடித்திருக்கிறது. சிலிண்டரைத் திறந்து, காலி உறைகளை வெளியே தள்ளும் எஜெக்டர் ராடை அழுத்தினால் காலி உறைகள் வர மறுத்தன. மேஜை ஓரத்தில் தட்டித்தான் எடுத்தேன். எல்லா உறைக்கும் அடிப்பக்கம் தொப்பை விழுந்திருந்தது. ஒன்று நெடுக வெடித்து, பிளவின் இருபக்கமும் கரி படிந்திருந்தது.

பக்கத்து லேனில் இருந்த ஒரு பெரியவர் உறையை வாங்கிப் பார்த்தார். துப்பாக்கியைத் திருப்பிப் பிடியின் அடியைப் பார்த்தார். “இது கட் டவுன் விக்டரி, வெட்டிக் குட்டையாக்கியது. தம்பி, உனக்கு இதை விற்றது யார்?” என்கிற தோரணையில் சிரித்தார்.

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், பிரிட்டனுக்கும் காமன்வெல்த் படைகளுக்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்களைச் செய்து கொடுத்தது. 1942 முதல் அவற்றின் சீரியல் நம்பருக்கு முன்னால் ‘வி’ எழுத்து வரும். அதனால்தான் விக்டரி மாடல். பிரிட்டனுக்குப் போனவை .38 ஸ்பெஷல் இல்லை, .38 எஸ் அண்ட் டபிள்யூ என்கிற வேறு தோட்டாவுக்கானவை. அது குட்டையானது, ஆனால் அடிப்பக்கம் கொஞ்சம் பருமன்: .386 அங்குலம். ஸ்பெஷல் .379 அங்குலம். பேரலின் உள்விட்டமும் ஸ்பெஷல் குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. குண்டு புரண்டது அதனால்தான்.

போர் முடிந்து இவை உபரியாக அமெரிக்கா திரும்பியபோது, இங்கே சுலபமாகக் கிடைப்பது ஸ்பெஷல் தோட்டாதானே என்று 1950களிலும் 60களிலும் சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறைகளை நீளமாகக் குடைந்து, ஐந்து அங்குல பேரலை இரண்டு அங்குலமாக வெட்டி, பாலீஷ் போட்டு விற்றார்கள். ஸ்பெஷல் தோட்டா உள்ளே போகும், வெடிக்கும். ஆனால் அறையின் பின்பாதி அதற்குத் தொளதொள. உறை ஊதிப் பிளப்பது அதனால்தான். பிளந்தால் சூடான வாயு எந்தப் பக்கம் வரும் என்று சொல்லமுடியாது.

இதைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. 1944-இல் கப்பல் தளத்தில் கைதவறி விழுந்த ஒரு விக்டரி வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதன் பிறகே, தோட்டாவை அடிக்கும் சுத்தியலைத் தடுக்கும் பாகத்தை மாற்றினார்கள், சீரியலில் ‘எஸ்’ எழுத்தும் சேர்ந்தது. என்னுடையதில் வெறும் ‘வி’. ஆறு அறையும் நிரப்பி இடுப்பில் செருகுகிற ஆள் வாங்கியிருந்தால்?

பான் ஷாப்பில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? டார்ச் கொண்டுபோங்கள். பிடியின் அடியில் ‘வி’ எழுத்து, அதன் பக்கத்தில் கயிற்று வளையம் இருந்து அடைத்த ஓட்டை. எஜெக்டர் ராடின் முன்நுனி பேரலுக்கு அடியில் ஒரு முளையில் பூட்டிக்கொள்ளவேண்டும். வெட்டிய துப்பாக்கியில் அந்த முளை போயிருக்கும், ராட் அந்தரத்தில் தொங்கும். குறிபார்க்கும் முன் சைட்டைப் பற்றவைத்த தடம் தெரியும். பேரல் பக்கவாட்டு எழுத்தில் ஸ்பெஷல் என்ற சொல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சிலவற்றில் கிரீடமும் ‘பி.என்.பி.’ என்ற பிரிட்டிஷ் சோதனை முத்திரையும் பாலீஷில் பாதி அழிந்து தெரியும். பொதுவாகவே எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் பளபளப்பு பிறகு ஏற்றியது என்று அர்த்தம். அசல் நிறம் தேய்ந்த ரிவால்வரையே நான் நம்புவேன்.

கடைக்குத் திரும்பப் போனேன். “எங்களுக்கு எப்படித் தெரியும் சார், டேக் வேற ஆள் போட்டது, ஆஸ் இஸ் (இருக்கிறபடியே) சேல்” என்று ரசீதின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார், செக் பண்ணினேன் என்று சொன்ன அதே ஆள். சரி, திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். துப்பாக்கியை வாங்கினார், பிடியின் அடியை ஒரு நொடி பார்த்தார், பேரல் நுனியில் நகத்தால் தடவினார். “வெட்டின விக்டரி, 90 டாலருக்கு மேல் தர முடியாது” என்றார். வாங்கும்போது மட்டும் கண் எவ்வளவு கூர்மை பாருங்கள்!

‘ஆஸ் இஸ்’ என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பயந்து வந்துவிடாதீர்கள். பொருளின் தேய்மானத்துக்கு அது பொருந்தும். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி விற்றால் டெக்சாஸின் ஏமாற்று வணிகத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இங்கே அடகுக்கடைகளுக்கு உரிமம் தருவது நுகர்வோர் கடன் ஆணையர் அலுவலகம். துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் அறைகளை அளந்து எழுதி வாங்கி, ரசீதோடும் பிளந்த உறையின் படத்தோடும் அங்கே அனுப்பியிருக்கிறேன். கிரெடிட் கார்டில் வாங்கியதால் கார்டு கம்பெனியிலும் தகராறு பதிந்தாயிற்று. இரண்டிலும் பதில் வரவில்லை.

விசாவில் இருந்துகொண்டு துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பிய நண்பர்களுக்கு: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை இருக்கிறது, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டுமே. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். 4473-இல் அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் சொல்கிறபடி டிக் போடாதீர்கள். தவறாக எழுதினால் குற்றம் உங்கள் மேல்தான்.