வாட்டர் கலரா, அக்ரிலிக்கா: பிழை விட்டுப் பழக எது நல்லது?

வகுப்புக்குப் போகாமல் தானாகவே வரையப் பழகுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இதில்தான்.

திருத்தம்: அக்ரிலிக் காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு, பிழை போய்விடும். வாட்டர் கலரில் வெள்ளை என்பதே தாள்தான், மூடினால் மூடினதுதான். ஈரப் பிரஷால் கொஞ்சம் ஒற்றி எடுக்கலாம், ஆனால் தாலோ நீலம் மாதிரி நிறங்கள் தாளைக் கவ்வினால் விடாது. என்னைக் கேட்டால் அதனாலேயே வாட்டர் கலர்தான் நல்ல வாத்தியார். எங்கே தண்ணீர் கூடிப்போனது என்று விளிம்பில் படிந்த கோடே காட்டிக்கொடுக்கும், அக்ரிலிக்கிலோ பிழையை மூடிவிட்டு அப்படியே மறந்துவிடுவோம்.

செலவு: வாட்டர் கலரில் காசு போவது தாளுக்கு. தாள் 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற கணக்கு) குறைந்தால் நெளியும். தட்டில் காய்ந்த பெயின்ட் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும், அது வீணாகாது. அக்ரிலிக்கைப் பழைய அட்டையிலும் பூசலாம், கழுவ மறந்த பிரஷ் மட்டும் குப்பைக்கு.

கொழும்புப் புழுக்கம்: வாட்டர் கலர் காயவே மாட்டேன் என்னும், மழைக்காலத்தில் தாளில் பூஞ்சணம் வேறு. ஃபேனுக்குக் கீழே அக்ரிலிக் தட்டிலேயே இறுகும்.

கடலோரக் காலிமுகத்திடலில் உட்கார்ந்து வரைய வாட்டர் கலர். வீட்டில் ஒரே படத்தைத் திருப்பித் திருப்பி மாற்றுகிறவருக்கு அக்ரிலிக். கலா பொல என்கிற கொழும்புத் திறந்தவெளி ஓவியச் சந்தையில் விற்கிற யோசனை இருந்தாலும் அக்ரிலிக்தான், வாட்டர் கலர் படத்துக்குப் போல் சட்டத்தில் கண்ணாடி போடுகிற செலவு மிச்சம்.