இக்னோவா, தமிழ்நாடு திறந்தநிலையா?

வேலைக்குப் போய்க்கொண்டே டிகிரி முடிக்க நினைக்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) சேர்வதா, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (சுருக்கமாக, திறந்தநிலை) சேர்வதா என்ற குழப்பம் வருகிறது. எதில் சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாடமொழி: இக்னோவில் பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி. திறந்தநிலையில் பல பாடங்களைத் தமிழிலேயே எழுதலாம்.

அலுவலகம்: இக்னோவுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவனந்தபுரம் மண்டல மையத்தில் வருகிறது, காலையில் ரயிலேறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். திறந்தநிலையின் தலைமையகம் சென்னை சைதாப்பேட்டை.

உழைப்பு: இக்னோவில் அசைன்மென்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதைக் கொடுக்காமல் தேர்வு மட்டும் எழுதினால் பேப்பர் முடிந்ததாகாது. ஆனால் 3 வருட டிகிரியை 6 வருடம் வரை இழுத்து முடிக்கலாம். விடியலில் ரப்பர் பால்வெட்டப் போகிறவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அது பெரிய ஆறுதல்.

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள் திறந்தநிலைக்கே போங்கள். வெளிமாநிலத்தில் வேலை தேடுகிறவர்களுக்கு இக்னோ.