எரிந்த மணம் வந்த கார்: மச்சானுக்கு என் பதில்

நான் ஓடுகிற அதே மாடல் காரை வாங்கலாமா என்று மானிப்பாயில் இருக்கும் மச்சான் கேட்டிருக்கிறான். பெற்றோல் செலவு, ஏசி, உதிரிப்பாகம் எல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் கேட்காத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் காரில் எனக்கு எரிந்த மணம் வந்தது, பல காலம் போகாமல் இருந்தது.

சாவகச்சேரி, கொடிகாமம் தாண்டி ஆனையிறவு வரை ஏ9 வீதியில் ஓடினால் ஒரு குறையும் தெரியாது. திரும்பி வந்து கொக்குவில் ரயில் கடவையில் கேற் மூடி நிற்கும்போது, வடைச் சட்டியில் கறுத்துப்போன எண்ணெயின் மணம் ஏசிக் காற்றோடு உள்ளே வரும். பின் இருக்கையில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்துவார். ரயில் போய் வண்டி நகர்ந்ததும் மணம் குறைந்துவிடும்.

முதலில் காட்டிய கராஜில் பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. பிரேக் பிடித்து நிற்கிறது என்று சொல்லி பாட்களை மாற்றினார்கள். இருந்தவை தேயவே இல்லை. மணமும் போகவில்லை. அடுத்த இடத்தில் ஏசி புளோவர் மோட்டார் எரிகிறது என்றார்கள். அந்தக் காசை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. டாஷ்போர்டில் உள்காற்று, வெளிக்காற்று என்று ஒரு பொத்தான் இருக்கிறது. உள்காற்றுக்கு மாற்றினால் மணம் வருவது நின்றுவிடும். மோட்டார் எரிந்தால் அப்போதும் வந்திருக்க வேண்டும். மணம் எஞ்சின் பக்கத்திலிருந்து, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வழியாக வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வாடிக்கையாளர் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே போதும்.

எந்த மணம் என்று பிரித்தறிவதுதான் முக்கியம். இனிப்பு வாடை என்றால் றேடியேற்றர் கூலன்ட் கசிகிறது. பிளாஸ்டிக் உருகும் காரமான வாடை என்றால் வயர். அப்போது ஒரு நொடியும் யோசிக்காமல் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். என்னுடையது ஒயில் எரிகிற மணம்.

மூன்றாவது இடத்தில்தான் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். எஞ்சினின் மேல் மூடியான டப்பட் கவரின் பின் ஓரத்தில் ஒயில் கசிந்து, நேர் கீழே இருந்த எக்ஸோஸ்ட் குழாயின் தகட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடத்தில் நூலளவு புகை எழுந்தது. ஓடும்போது அதைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். நின்றால் மேலே எழுந்து நேரே காற்று வழிக்குள் புகும். கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பழைய பக்கிங்கைக் கழற்றியபோது றப்பர் என்றே சொல்ல முடியவில்லை, சூட்டில் இறுகித் துண்டு துண்டாக உடைந்தது. புதியதைப் போட்டார்கள். சில மாதம் நிம்மதி. பிறகு அதே கடவையில் அதே மணம். இந்தத் தடவை கவரின் போல்ட்டுகளை இன்னும் இறுக்கிவிட்டார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் கவர் வளையும், மரை போகும், கசிவு கூடும். எனக்குக் கூடியது.

கடைசியில் சுன்னாகத்துப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் ஐயாவிடம் போனேன். எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின்மேல் ஒரு கடதாசித் துண்டை வைத்தார். நல்ல எஞ்சினில் அது மெல்ல உள்ளே இழுபட வேண்டும். என் காரில் குபுக்கென்று மேலே பறந்தது. பிறகு பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே இருக்கும் சிறிய பாகம் கிலுகிலுக்க வேண்டும். சத்தமே இல்லை, கறுத்த களி அடைத்திருந்தது. "எத்தனை பக்கிங் போட்டாலும் ஒயில் வரும் தம்பி. உள்ளே உள்ள காற்றுக்கு வெளியேற வழி இல்லை" என்றார்.

பிஸ்டனைத் தாண்டி எஞ்சினுக்குள் கசியும் வாயுவை மீண்டும் இன்டேக் பக்கம், அதாவது எஞ்சின் காற்றை இழுக்கும் பக்கம், அனுப்புவது இந்த வால்வின் வேலை. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடும், ஒயில் பலவீனமான இடத்தால் வெளியே வரும். திருநெல்வேலியிலிருந்து நகரத்துக்கும், நகரத்திலிருந்து திருநெல்வேலிக்கும் என்று குறுந்தூரமே ஓடும் காரில் ஒயில் நன்றாகச் சூடேறாது. அதிலுள்ள நீர் ஆவியாகிப் போகாமல் தங்கிக் களியாகும். யாழ்ப்பாணத்தில் நம்மில் பலருடைய ஓட்டம் இப்படித்தான். அந்த வால்வின் விலை ஒரு கலன் எஞ்சின் ஒயிலின் விலையைவிடக் குறைவு. அதோடு புதிய பக்கிங்கும் போட்டார். எக்ஸோஸ்டில் படிந்திருந்த பழைய ஒயில் எரிந்து தீரும் வரை இலேசாக மணந்தது. பிறகு இல்லை.

நியாயமாகச் சொன்னால் கார் நல்ல கார். இறுகிப்போன பக்கிங்கும் அடைபட்ட வால்வும் எந்தப் பழைய காரிலும் வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, இருந்ததை வைத்தே ஓடிய எங்களுக்கு இது வஞ்சகம் செய்யவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய காலமெல்லாம் நடுவழியில் நின்றதே இல்லை. ஆனாலும் எக்ஸோஸ்டை முன் கண்ணாடிப் பக்கம் வைத்து, அதற்கு மேலேயே ஒயில் கசியக்கூடிய விளிம்பையும் வைத்த அமைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே மச்சான், வாங்காதே. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பிறகும் இந்தப் பழைய மாடலுக்குக் கேட்கிற விலை அநியாயம். என் பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால், காசு கொடுக்குமுன் அரை மணி நேரம் ஓடிப் பார். பிறகு நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஏசியை வெளிக்காற்றில் வைத்துக்கொண்டு உள்ளே இரு. பொனற்றைத் திறந்து டப்பட் கவரின் பின் ஓரத்தை விரலால் தடவிப் பார். என்னுடையதைத் தருவாயா என்றும் கேட்டிருந்தாய். தரமாட்டேன். அடுத்த ஒயில் மாற்றத்தின்போது வால்வைக் கழற்றிப் பார்க்கும்படி ஐயாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.